தோணியே வீடு

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் சிலர் வீட்டை விற்றுப் பாய்மரப் படகு வாங்குகிறார்கள். பிறகு அதுதான் முகவரி. பிடித்த துறைமுகத்தில் ஒரு மாதம், பிடிக்காத துறைமுகத்தில் ஓர் இரவு. இந்துமாக் கடலைக் கடக்கும் இத்தகைய படகுகள் கொச்சிக்கும் வருவதுண்டு. போல்காட்டித் தீவில் அவற்றுக்கென்றே ஒரு படகுத்துறை இருக்கிறது. வருபவர்களின் புகைப்படம் பத்திரிகையில் வெளியாகும். ‘சாகசம்’ என்ற சொல் தலைப்பில் தவறாமல் இடம்பெறும்.

தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கு அந்தச் சொல் கிடைத்ததில்லை. இத்தனைக்கும் தலைமுறை தலைமுறையாகப் படகில் குடியிருந்து துறைமுகம் துறைமுகமாகப் போய்வந்தவர்கள் அவர்கள். தோணி என்றதும் ஆற்றைக் கடக்கும் சிறு ஓடத்தை நினைக்க வேண்டாம். இது 200, 300 டன் சரக்கு ஏற்றும் மரக்கலம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் கொச்சிக்கும் சென்றது. வெங்காயம், காய்கறி, ஓடு, செங்கல், சிமெண்ட் என்று கடலுக்கு அப்பால் எது தேவையோ அது ஏறும். சரக்குக்குப் போக மீதமிருக்கும் இடம்தான் மனிதர்களுக்கு.

ஏழெட்டுப் பேர், சில தோணிகளில் பத்துப் பேர். தலைவருக்குத் தண்டல் என்று பெயர். (சென்னையில் தண்டல் என்றால் தினவட்டிக்காரர்தான் நினைவுக்கு வருவார்.) சமையல்காரர் பண்டாரி. தூக்கம் முறை வைத்து. குடிநீர் அளந்து. தூத்துக்குடியிலிருந்து மாலே சுமார் 400 கடல் மைல். போய்ச் சேர்ந்த பிறகு சரக்கை இறக்கும் முறை வரும்வரை அங்கேயும் தோணியில்தான் வாசம். நடுக்கடலில் தண்ணீர் புகுந்து தோணி மூழ்கியதும், ஆட்களைக் கடலோரக் காவல் படை மீட்டதும் அவ்வப்போது செய்தியாகும். அதுவும் நாலு வரியில்.

ஒரு காலத்தில் தோணி இல்லாமல் தூத்துக்குடி இல்லை. கரையோரம் ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளியே நின்றன. சரக்கைக் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சுமந்தது தோணிதான். 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது, கப்பல்கள் நேராகக் கரையை ஒட்டின, அந்த வேலை போயிற்று. 1983க்குப் பிறகு இலங்கைப் போர் கொழும்பு வியாபாரத்தைக் குலைத்தது. அடுத்து கண்டெய்னர் வந்தது. 2020 செப்டம்பரில் இந்திய அரசு தூத்துக்குடி, கொச்சி வழியாக மாலத்தீவுக்கு நேரடிச் சரக்குக் கப்பல் விட்டபோது, தோணிக்கு மிஞ்சியிருந்த தடத்திலும் போட்டி வந்துவிட்டது.

வெளிநாட்டுத் தம்பதிகளுக்கும் இவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பணம் மட்டுமல்ல. அவர்களுடைய படகு அவர்களுடையது. தோணி முதலாளியுடையது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வண்டன்மேட்டு ஏலத் தோட்டங்களில் தங்கி வேலை பார்த்தவர்களுக்கு லயம் எப்படியோ, கடலில் இறங்கியவர்களுக்குத் தோணி அப்படி. வேலை இருக்கும்வரை கூரை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தோணிகள் கரையில் முடங்கும். வீட்டோடு இருக்கக் கிடைக்கும் அந்த மாதங்களில்தான் பலருக்குக் கையில் காசு இருக்காது. பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வேண்டாம் என்று அப்பாக்களே சொன்னால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

இலக்கியம் ஓரளவு கடனைத் தீர்த்திருக்கிறது. கப்பல் துறையிலிருந்து எழுத வந்த ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவல் தூத்துக்குடியையும் அதன் தோணிகளையும் பற்றியது. 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம், கீழ்க்காற்றுக்குக் கொண்டல், மேல்காற்றுக்குக் கச்சான் என்று கடற்கரைத் தமிழில் எத்தனையோ சொற்கள். பாடநூல்களில் இவற்றைத் தேடினால் ஏமாற்றம்தான். மொழிபெயர்ப்பாளர்களும் ‘கப்பலின் முன்பகுதி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

தோணிகளில் எஞ்சின் ஏறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ‘இயந்திரம் பொருத்திய பாய்மரக் கலம்’ என்பது அரசுக் கணக்கில் அவற்றின் பெயர். பாயை மட்டும் யாரும் கழற்றிவிடவில்லை. காற்று சாதகமாக இருந்தால் டீசல் மிச்சம். நடுவழியில் எஞ்சின் நின்றுபோனால் கரை சேர வேறு வழி கிடையாது.