நெட்டுருவும் நுண்கணக்கும்

வடசென்னை வியாசர்பாடியில் 1973-இல் தோன்றிய அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போர் மக்களுக்குப் பட்டப்படிப்பின் வாயிலைத் திறந்துவிட்டது. முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் அத்தகைய மாணாக்கர்க்கு, நாடெங்கிலும் நுண்கணக்கு எவ்வாறு புகட்டப்படுகின்றது? ஓர் எண்ணின் இருபடிக்கு வகைக்கெழு யாதெனின் நொடியில் விடை வரும். அவ்விடை எதனை அளக்கின்றது எனின் வாயடைத்துப் போகும். வாய்பாடு நெட்டுருவாயிற்று, பொருள் விளங்கவில்லை.

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்குவதை அறியாதார் அப்பகுதியில் இல்லை. முதல் மணி நேரத்தில் 30 செ.மீ., அடுத்ததில் 20, அதற்கடுத்ததில் 10 என நீர் ஏறிற்று எனக் கொள்வோம். நீர் குறைகின்றதா? 'ஆம்' என்பார் பலர். குறைவது ஏறும் விரைவே; நீரோ 60 செ.மீ. உயர்ந்து நிற்கின்றது, இன்னும் ஏறுகின்றது! அவ்வந்நொடியின் விரைவு வகைக்கெழு. விரைவுகளைக் கூட்டிக் கண்ட உயரம் தொகையீடு. ஒன்று மற்றொன்றின் மறுதலை என்னும் அடிப்படைத் தேற்றம் அந்தக் கலங்கல் நீரிலேயே கிடக்கின்றது.

தமிழிற் பயிற்றினாலே தெளிவு வந்துவிடும் என நம் அன்பர் சிலர் கருதுவர். அது பாதி உண்மையே. 'எல்லை' என்றதும் தாண்டவொண்ணா வரப்பையே மாணாக்கன் நினைக்கின்றான். கணக்கிலோ, ஒரு மதிப்பு தன் எல்லையை இருபுறமும் தாண்டித் தாண்டியும் நெருங்கலாம்; எல்லையிலேயே நிற்கவும் செய்யலாம். இதனை ஆசிரியர் எடுத்துரைத்தாக வேண்டும். ஆனால், தமிழிற் படிப்பவனிடம் இப்பிழையேனும் வெளிப்படும், திருத்தலாம். விளங்காத ஆங்கிலச் சொல்லை அப்படியே விழுங்குபவனுக்கு ஐயமே எழுவதில்லை.

நம் சேரநாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. வட்டத்தின் சுற்றளவை முடிவிலாத் தொடரால் கண்ட சங்கமக்கிராம மாதவரின் வழிமுறைகளை, ஏறத்தாழ 1530-இல் 'யுக்திபாசை' என்னும் நூல் மலையாள உரைநடையில் கரணியங் காட்டி விளக்கிற்று. வடசொல் மிகக் கலந்த நடையே. எனினும் சமற்கிருதச் செய்யுளை விட்டு, மக்கள் மொழியில் 'ஏன்' என்பதைச் சொல்லிற்று. நியூட்டன் பிறந்ததோ 1642-இல்.

இன்று வேண்டுவது வினாத்தாள் மாற்றம். வாய்பாடு கேளாமல், நீரேறும் விரைவின் வரைபடம் ஒன்றை மட்டும் தந்து, நீர் எப்பொழுது மிக விரைந்து ஏறிற்று, எப்பொழுது மிக உயர்ந்து நின்றது என வினவட்டும் பல்கலைக்கழகங்கள். மதிப்பெண் அங்கு வைக்கப்பட்டால் ஆசிரியர் வகுப்பில் அதற்கு நேரம் ஒதுக்குவர். பாடநூலாரும் படம் வரைவர்.