சீனன்குடா மைதானத்தின் கதவு முதலில் திறக்கட்டும்

இந்தியத் தொழில்முறை கோல்ஃப் சுற்றின் பருவத்தில் ஒரு வாரத்தை நாம் திருகோணமலைக்குக் கேட்டுப் பெற வேண்டும். அது பெப்ரவரி பிற்பகுதிக்கும் மார்ச் இறுதிக்கும் இடைப்பட்ட வாரமாக இருக்க வேண்டும். சீனன்குடாவில் ஏற்கெனவே உள்ள மைதானத்திலேயே ஆட்டம் நடக்க வேண்டும். அதன் பெயரால் ஒரு பேர்ச் காணிகூடப் புதிதாக எடுக்கப்படக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்த மைதானத்தின் கதவு இம்மாவட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறக்கப்பட வேண்டும். இதுவே எமது நிலைப்பாடு.

கடலுக்குப் போகிறவர்களும் வயலை நம்பியிருப்பவர்களும் வாழும் மாவட்டத்துக்குப் பணக்காரரின் ஆட்டம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோல்ஃப் கழகங்கள் வசதி படைத்தோரின் இடங்களாகவே இருந்து வந்துள்ளன. ஆனால் தொழில்முறைச் சுற்று வேறோர் உலகம். அங்கே மாதச் சம்பளம் கிடையாது. பயணம், தங்குமிடம், நுழைவுக் கட்டணம், மட்டைப் பையைச் சுமந்து உடன் நடக்கும் கெடியின் கூலி எல்லாம் வீரரின் சொந்தச் செலவு. நான்கு நாள், 72 குழி ஆட்டத்தில் முதல் இரண்டு நாள் முடிவில் ஏறத்தாழ 50 பேர் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். மற்றவர்கள் ஒரு சதமும் இல்லாமல் பெட்டியைக் கட்ட வேண்டும். ஒரு கோடி இந்திய ரூபாய் பரிசுத் தொகையுள்ள போட்டியில் வெல்பவருக்குக் கிடைப்பது சுமார் 15 இலட்சம். பட்டியலின் அடியில் நிற்பவருக்குச் செலவுக் காசு தேறினாலே பெரிது. பெப்ரவரி முதல் டிசம்பர் வரை ஊர் ஊராக இப்படி அலைவதுதான் ஒரு பருவம். கழகங்கள் செல்வந்தருடையவை என்றாலும் சுற்று உழைப்பாளிகளுடையது.

இந்தியாவின் அனுபவம் இதையே சொல்கிறது. இந்தியன் ஓபன் பட்டத்தை 1991இல் வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரான அலி ஷேர், டெல்லி மைதானத்தில் பை சுமந்து வளர்ந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரின் சி. முனியப்பாவும் கெடியாகவே தொடங்கினார். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் தொடர்ச்சியாக அதை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை, கொல்கத்தா மைதானமொன்றில் புல்தரை பராமரித்த தொழிலாளி. இவர்கள் யாருக்கும் கழக அங்கத்துவம் பரம்பரையாக வரவில்லை. புல்லை மிதிக்கும் வாய்ப்பு ஏதோ ஒரு வழியில் கிடைத்தது. மீதியை அவர்களின் கைகள் பார்த்துக்கொண்டன.

எமது நாட்டின் கதையும் வேறல்ல. இலங்கையின் தொழில்முறை வீரர்களில் பலர் பை சுமப்பதில் தொடங்கியவர்கள். அனுர ரோஹண, மிதுன் பெரேரா ஆகியோருடன் என். தங்கராஜா, கே. பிரபாகரன் ஆகிய தமிழ் வீரர்களும் இந்தியச் சுற்றில் ஆண்டுக்கணக்காக ஆடி வந்துள்ளார்கள். இலங்கையில் தமிழன் கோல்ஃப் ஆடுவானா என்று ஏளனமாகக் கேட்போருக்கு இந்தப் பெயர்களே போதும். ஆனால் இத்தகைய வீரர்கள் உருவாகும் இடங்களைக் கவனியுங்கள். றோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் தோன்றியது. நுவரெலியாக் கழகம் 1889இல் தோன்றியது. மைதானத்தை ஒட்டி வாழ்ந்து, அதில் வேலை செய்து, மாலையில் ஆள் குறைந்த நேரத்தில் பழைய மட்டையொன்றால் அடித்துப் பழகிய பிள்ளைகளில் இருந்துதான் வீரர்கள் வந்தார்கள். திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது. மைதானம் இருக்கும் ஊரில் மட்டுமே அது வெளியே தெரிகிறது.

திருகோணமலையில் மைதானம் இருக்கிறது. சீனன்குடாவில், துறைமுகத்தின் உட்குடாவை ஒட்டி, 18 குழிகள் கொண்ட 'ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ்' இலங்கை விமானப்படையின் நிர்வாகத்தில் இயங்குகிறது. விமானப்படைத் தளபதிக் கிண்ணப் போட்டிகள் அங்கே நடந்துள்ளன. பணம் செலுத்தும் சுற்றுலாப் பயணிகளும் ஆடலாம். விமான நிலையமும் சீனன்குடாப் புகையிரத நிலையமும் அருகிலேயே உள்ளன. தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ வெள்ளைமணலிலோ படிக்கும் ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்தப் புல்வெளி வேலிக்கு அப்பாலுள்ள காட்சியாகவே இருக்கிறது. பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் ஒரு மைதானம் பொதுமக்களின் பிள்ளைகளுக்கு எட்டாமல் இருப்பதை நாம் ஏற்க முடியாது.

போட்டிக்கு மார்ச்சைக் கேட்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. எமது மாவட்டத்தின் சுற்றுலாப் பருவம் ஏப்ரலுக்குப் பின்னரே சூடு பிடிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் அறைகள் நிரம்புகின்றன. அதற்கு முந்திய வாரங்களில் விடுதிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. சமையலறைத் தொழிலாளரும் முச்சக்கர வண்டிச் சாரதிகளும் பருவம் பிறக்கும்வரை காத்திருக்கிறார்கள். வீரர்கள், கெடிகள், நடுவர்கள், ஒளிபரப்புக் குழுவினர் என ஒரு பெருங்கூட்டம் ஒரு வாரம் தங்குமானால் அந்த வெற்றிடம் ஓரளவு நிரம்பும். தண்ணீர் இன்னும் பெரிய காரணம். வாடைக்காற்றோடு வந்த மாரி மழை ஓய்ந்து, குளங்கள் நிறைந்து, புல் தானாகப் பசுமையாக நிற்கும் காலம் அது. கச்சான் காற்று வீசி நிலம் வெடிக்கும் ஆடி, ஆவணியில் ஒரு சர்வதேசப் போட்டிக்காகப் புல்வெளியை நனைத்துக்கொண்டிருப்பது குடிநீருக்கும் வயலுக்கும் செய்யும் துரோகம். கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வாழும் விவசாயிக்கும் நகரக் குடியிருப்பாளருக்கும் முன்னால் கோல்ஃப் வரிசையில் நிற்கக் கூடாது. மைதானத்துக்குச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரே பாய்ச்சப்பட வேண்டும். உரமும் களைநாசினியும் எவ்வளவு தெளிக்கப்படுகின்றன என்ற கணக்கு பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். அங்கிருந்து வழியும் நீர் சேரும் உட்குடாவில்தான் எமது மீனவர்கள் வலை வீசுகிறார்கள்.

காணியைப் பற்றி நாம் இன்னும் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. 2008 ஒக்டோபரில் 'வோட்டர்ஸ் எட்ஜ்' வழக்கில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இந்நாடு மறந்துவிடக் கூடாது. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென மக்களிடமிருந்து சுவீகரிக்கப்பட்ட நிலம், கோல்ஃப் மைதானத்துக்காகத் தனியாருக்குக் கைமாறியது. அந்தக் கைமாற்றத்தைச் சட்டவிரோதமாகக் கண்ட நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி ஒருவரே 30 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டுமென உத்தரவிட்டது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தம் காணியை மீண்டும் மிதிக்க 2015 வரை காத்திருந்த மாவட்டம் இது. எண்ணெய்த் தாங்கிகள், எரிசக்தி மையம் என்று பெருந்திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எமது கரையை நோக்கி வருகின்றன. இன்னொரு மைதானம், அதைச் சுற்றி ஆடம்பர வீடுகள் என்று யாராவது வரைபடத்துடன் வந்தால், நாம் சொல்லும் பதில் ஒன்றே: இருக்கும் 18 குழிகள் போதும்.

வீரர்களின் பக்கமிருந்தும் இக்கோரிக்கைக்கு வலுவுண்டு. இந்தியச் சுற்றின் தரவரிசையில் முதலிடம் பெறுபவருக்கு ஐரோப்பியச் சுற்றில் ஆடும் உரிமை கிடைக்கிறது. 2023இல் ஓம் பிரகாஷ் சௌஹானும் 2024இல் வீர் அஹ்லாவத்தும் அவ்வழியாகவே ஐரோப்பாவுக்குப் போனார்கள். ஓர் இலங்கை வீரருக்கும் அந்த ஏணி உண்டு. ஆனால் அவர் ஏறத்தாழ ஒவ்வொரு போட்டிக்கும் கடல் கடக்க வேண்டியுள்ளது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் டொலரொன்று 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தொட்டபோது, உள்நாட்டு ரூபாயில் சேமித்து வெளிநாட்டில் செலவழிப்பவர்களின் பருவச் செலவும் அதே வேகத்தில் ஏறியது. சொந்த நாட்டில் ஆடும் ஒரு வாரம் அவர்களுக்குச் செலவைக் குறைக்கும். பழகிய காற்றும் புல்லும் துணை நிற்கும். இளம் வீரர் சிலருக்கு அழைப்பு இடங்களும் கிடைக்கும். இலங்கைத் துறைமுக அதிகார சபையின் பெயரைத் தாங்கிய ஓபன் போட்டியொன்று முன்னர் கொழும்பில் நடந்து, இந்தியச் சுற்றின் நாட்காட்டியிலும் இடம்பெற்றது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை எமது ஊரில் வைத்திருக்கும் அச்சபை, அதே ஆதரவைத் திருகோணமலைக்குத் தருவதே முறை.

ஆனாலும் நான்கு நாள் போட்டி மட்டும் வந்து போனால் எமக்கு மிஞ்சுவது கூடாரம் கட்டிய தடமும் சில புகைப்படங்களுமே. ஆகவே ஒழுங்கு மாறக் கூடாது. முதலாம் ஆண்டில் விமானப்படையும், தேசிய அமைப்பான ஸ்ரீலங்கா கோல்ஃபும், மாவட்டத்தின் கல்வி வலயங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, ஒரே தரையில் பழக வேண்டும். பயிற்சி அவரவர் மொழியில் நடக்க வேண்டும். மட்டைகள் பொதுவில் இருக்க வேண்டும். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அதனால் ஒதுங்கக் கூடாது. இரண்டாம் ஆண்டில் உள்ளூர் இளைஞருக்குக் கெடிப் பணியிலும் புல்தரைப் பராமரிப்பிலும் முறையான பயிற்சியும் சான்றிதழும் கூலி உத்தரவாதமும் தரப்பட வேண்டும். மூன்றாம் ஆண்டில் சுற்று வரட்டும். அதன் வருமானத்தில் ஒரு பங்கு மாவட்டத்தின் பாடசாலை விளையாட்டுக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்படட்டும்.

கட்டுநாயக்கவில் இறங்கி, சீனன்குடாவில் ஆடி, எமது பிள்ளைகளை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போகும் போட்டி எமக்கு வேண்டாம். விமானப்படை கதவைத் திறக்கும் திகதியை அறிவிக்கட்டும். அதன் பிறகு சுற்றின் நிர்வாகிகளுக்கு அழைப்புக் கடிதத்தை இம்மாவட்டமே எழுதும். அந்தத் திகதி வராதவரை, போட்டிக்காக யார் அடிக்கல் நாட்ட வந்தாலும் எமது பதில் மறுப்பாகவே இருக்க வேண்டும்.