வாசலின் விதியும் மனத்தின் நம்பிக்கையும்

ஓர் அமைப்பில் யார் சேரலாம் என்பதை அவ்வமைப்பு முடிவு செய்தே ஆக வேண்டும். சேர்ந்தவர்கள் அம்முடிவைப் பற்றி என்ன எண்ண வேண்டும் என்பதை அது முடிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதைச் சொல்வது எளிது. நடைமுறையில் பிரித்து வைப்பது கடினம். பிரிட்டனின் சாரணியர் அமைப்பான கேர்ள்கைடிங் கடந்த சில ஆண்டுகளில் பட்ட பாடு இதற்குத் தக்க சான்று. பாலினம் தொடர்பான விதிகளை வரையத் தொடங்கியிருக்கும் இந்தியக் கல்வி நிறுவனங்களும் அதை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம்.

நிகழ்வுகளின் வரிசை இது. 2017இல் கேர்ள்கைடிங் தன் உறுப்பினர் கொள்கையைத் திருத்தியது. தம்மைச் சிறுமியராக உணரும் திருநங்கைச் சிறுமியரும் சேரலாம், தம்மைப் பெண்ணாக உணரும் திருநங்கையர் தலைவியராகவும் பணியாற்றலாம் என்றது. கூடாரம், குளியலறை, பெற்றோருக்கு எதைத் தெரிவிப்பது என்பன பற்றித் தலைவியருள் சிலர் ஐயம் எழுப்பினர். 2018இல் அக்கொள்கையை எதிர்த்த தலைவியர் இருவர் அமைப்பிலிருந்து நீக்கப்பட்டனர். அவருள் ஒருவர் தொடுத்த வழக்கு பின்னர் உடன்பாட்டில் முடிந்தது. பாலும் பாலினமும் குறித்து மாறுபட்ட நம்பிக்கைகள் உறுப்பினரிடையே உண்டு என்பதை அமைப்பு ஏற்றுக்கொண்டது. 2025 டிசம்பரில் விதி நேரெதிராகத் திரும்பியது: திருநங்கைச் சிறுமியர் இனிப் புதிதாகச் சேர இயலாது என்று அதே அமைப்பு, விருப்பமின்றி எடுத்த முடிவு என்னும் விளக்கத்தோடு, அறிவித்தது.

இவ்வளவு சுமையும் ‘சிறுமி’ என்னும் ஒரே சொல்லின் மேல் விழுந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு, அழைப்பில்லாமலேயே சிறுமியர் சிலர் சாரண உடையில் வந்து நின்றனர். அதன் விளைவாக 1910இல் அவர்களுக்கெனத் தனி அமைப்பு உருவானது. விதியில் பெயர் இல்லாதவர்கள் வாசலில் வந்து நின்றதால் பிறந்த அமைப்பு அது. சிறுவர் இல்லாத தனி வெளி சிறுமியர்க்கு என்ன தரும் என்பதை ஒரு நூற்றாண்டுக் காலம் காட்டிய அமைப்பும் அதுவே. இன்றைய இரு தரப்பும் இந்தத் தோற்றக் கதையையே தத்தம் சான்றாகக் கொள்ள முடியும். பிரிட்டனின் சாரணர் அமைப்போ படிப்படியாகச் சிறுமியரையும் சேர்த்துக்கொண்டு, 2007 முதல் எல்லாப் பிரிவுகளையும் இருபாலருக்கும் திறந்துவிட்டது. கூடாரமும் முடிச்சும் மலையேற்றமும் அங்கேயும் கிடைக்கின்றன. ஆகவே கேர்ள்கைடிங் தனித்து நிற்பதற்கு எஞ்சியிருக்கும் காரணம் அதன் பெயரிலுள்ள அந்த ஒரு சொல்தான். அதன் பொருளை விட்டுக்கொடுக்கவும் விரிக்கவும் அமைப்பு அஞ்சுவது இயல்பே.

சொல்லின் பொருளை ஒரு நோக்கத்திற்காக வரையறுப்பது ஒன்று. உலகில் அப்பொருள் எத்தகையது என்று நம்புவது வேறொன்று. தமிழ் இலக்கண மரபு இவ்வேறுபாட்டுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தில் ‘பால்’ என்பது முதலில் சொல்லின் பகுப்பு. அதன் ஐம்பாலுள் பலர்பாலும் பலவின்பாலும் ஆண் பெண் வேறுபாட்டைக் காட்டுவதே இல்லை. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரை அந்நூலின் கிளவியாக்கம் தனியே எடுத்துப் பேசுகிறது. அதற்கெனத் தனி ஈறு இல்லை என்றும் உயர்திணையின் பால் ஈறுகளுள் அமைந்து வரும் என்றும் கூறி, ஆண்பால் முடிபு அதற்கு ஆகாது என்று வரையறுக்கிறது. சொல் எவ்வாறு முடியும் என்பதற்கு அங்கே விதி உண்டு. அம்மனிதரைப் பற்றிக் கேட்போர் என்ன எண்ண வேண்டும் என்பதற்கு விதி இல்லை. இன்றைய தமிழில் உடல்சார்ந்ததைப் ‘பால்’ என்றும் சமூகம், அடையாளம் சார்ந்ததைப் ‘பாலினம்’ என்றும் பிரித்து எழுதுகிறோம். இவ்வேறுபாட்டை ஏற்பவரும் உண்டு. இரண்டாவதற்குத் தனி இருப்பு இல்லை என்பவரும் உண்டு. முதலாவதே சமூகம் கட்டியது என்பவரும் உண்டு. ஒரு முகாமின் விதிப்புத்தகம் இம்மூவரின் வழக்கையும் தீர்த்துவைக்க இயலாது.

இந்தப் பாடத்தை வேறொரு துறையில் கேர்ள்கைடிங் முன்னரே கற்றிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சாரணியர் உறுதிமொழியில் கடவுளை நேசிப்பது பற்றிய தொடர் நெடுங்காலம் இருந்துவந்தது. 2013இல் அத்தொடர் நீக்கப்பட்டது. தனக்கு உண்மையாய் இருப்பதும் தன் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வதும் அதன் இடத்தில் வந்தன. கடவுளை நம்பும் சிறுமியும் நம்பாத சிறுமியும் ஒரே வட்டத்தில் நின்று ஒரே உறுதிமொழியைச் சொல்லலாம் என்பதே அத்திருத்தத்தின் பொருள். யாருடைய நம்பிக்கை சரி என்று அமைப்பு தீர்ப்பளிக்கவில்லை. தீர்ப்பளிக்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, பால் குறித்த நம்பிக்கையில் அதே விலகலை அதனால் கடைப்பிடிக்க முடியவில்லை. விதியை மீறிய தலைவியை நீக்குவது நிர்வாகம். விதி தவறு என்று சொல்லும் தலைவியை நீக்குவது விதியை நம்பிக்கை அறிக்கையாக மாற்றுவது.

பிரிட்டனின் சட்டம் இவ்வேறுபாட்டைப் பிற்பாடு தெளிவாக்கியது. பால் என்பது உடல்சார்ந்தது, மாறாதது என்னும் நம்பிக்கை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தால் காக்கப்படும் நம்பிக்கைகளுள் ஒன்று என 2021 ஜூனில் ஃபோர்ஸ்டேட்டர் வழக்கில் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. அத்தீர்ப்பின் மறுபாதி பலரால் வசதியாக மறக்கப்படுகிறது. இந்நம்பிக்கை உடையவர் திருநரை விருப்பம்போல் இழிவாக அழைக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை என்றும், திருநருக்குரிய சட்டப் பாதுகாப்பு குறையவில்லை என்றும் தீர்ப்பாயம் அங்கேயே சொல்லியிருக்கிறது. நம்பிக்கைக்குக் காப்பு உண்டு. நடத்தைக்கு வரம்பு உண்டு.

2025 ஏப்ரல் 16இல் உச்ச நீதிமன்றம் ஃபார் விமன் ஸ்காட்லாந்து வழக்கில் அளித்த தீர்ப்பையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’, ‘பால்’ என்னும் சொற்கள் உயிரியல் பாலையே குறிக்கும் என்று நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாக முடிவு செய்தனர். அச்சட்டத்துக்கு வெளியே ‘பெண்’ என்னும் சொல்லின் பொருளை வரையறுப்பது தம் பணி அன்று என்பதையும் அவர்கள் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினர். பாலின மாற்றம் என்னும் தலைப்பில் திருநருக்குள்ள பாதுகாப்பு தொடரும் என்றும் கூறினர். கேர்ள்கைடிங்கின் டிசம்பர் முடிவு இத்தீர்ப்பின் விளைவு. வாசலில் யார் நிற்கலாம் என்பதில் அமைப்புக்கு முன்பிருந்த விருப்புரிமை சுருங்கிவிட்டது. அதனால் 2018இல் எதிர்த்தவர்கள் சொன்னதே உண்மை என நிறுவப்பட்டுவிட்டதாகக் கொள்வது, ஒரு சட்டச் சொல்லின் பொருள்கோளை உலகைப் பற்றிய தீர்ப்பாக மயங்குவதாகும். இன்று புதிய விதியை ஏற்க மனமில்லாத தலைவியர் உள்ளனர். 2018இன் பிழை எதிர்த்திசையில் திரும்ப நிகழாதிருப்பது அவர்களை அமைப்பு எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நம்பிக்கைகளைச் சமமாக வைத்துப் பேசுவது யாருக்கு எளிது? வாதத்தில் தோற்ற தலைவி வருத்தத்தோடு உள்ளே இருக்கலாம். விதியில் தோற்ற சிறுமி வெளியே போகிறாள். அவளது இருப்பு ஒரு கருத்து அன்று. கருத்துகளுள் ஒன்றாக அதை எண்ணி ‘இருதரப்பு’ என்று தராசில் வைப்பதே அநீதி. இம்மறுப்பு நியாயமானது. இதற்குப் பக்கத்திலேயே மற்றோர் உண்மையும் இருக்கிறது. பொதுக் கூடாரத்தில் உடைமாற்றக் கூசி, காரணம் சொல்லாமலேயே முகாமுக்கு வராமல் போகும் சிறுமியும் வெளியேறியவளே. அவளைப் பற்றி அறிக்கை எழுவதில்லை. எந்த விதியும் யாரோ ஒரு குழந்தைக்கு இழப்பைத் தரும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதே நேர்மை. 2017இன் விதி தன் இழப்பைப் பேச மறுத்தது. 2025க்குப் பின் வந்த விதியை வெற்றியாகக் கொண்டாடுவோரும் அதையே செய்கின்றனர்.

இழப்பைக் குறைக்க வழி இருந்தது. உறுப்பினராதல், உறங்குமிடம், உடல்வலிமை சார்ந்த போட்டி, ஒருவரை அழைக்கும் பெயர் ஆகிய நான்கும் நான்கு கேள்விகள். ஒவ்வொன்றின் நோக்கமும் வேறு. உறங்குமிடத்தில் கருதப்படுவது அந்தரங்கம். போட்டியில் கருதப்படுவது நிகர்நிலை. அழைக்கும் பெயரில் கருதப்படுவது மரியாதை. ‘சிறுமி’ என்பதற்கு ஒரே வரையறையை வகுத்து நான்கிற்கும் அதையே விடையாக்கியபோது, விடையை ஏற்பது அடையாள உறுதிமொழியாயிற்று, மறுப்பது துரோகமாயிற்று. சட்டம் முதற்கேள்வியை இன்று மூடியிருக்கலாம். எஞ்சிய மூன்றில், குறிப்பாக மரியாதையில், அமைப்பின் பொறுப்பு குறையவில்லை.

இந்தியாவில் இக்கேள்விகள் தொலைவில் இல்லை. 1948ஆம் ஆண்டின் தேசிய மாணவர் படைச் சட்டம் ஆண், பெண் என்னும் இரு பிரிவுகளையே அறியும். அப்படையின் பெண்கள் பிரிவில் சேர விரும்பிய திருநங்கை மாணவி ஒருவரின் மனுவை 2021 மார்ச்சில் விசாரித்து முடித்த கேரள உயர் நீதிமன்றம், 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டி, அவர் தம் பாலின அடையாளத்தின்படி சேர உரிமையுடையவர் என்றது. நீதிமன்றம் விதியைக் கூறியது. அணிவகுப்பில் அவருக்கு அருகில் நிற்கும் மாணவியர் பாலைப் பற்றி எக்கொள்கை உடையவராயிருக்க வேண்டும் என்று கூறவில்லை. அவரை இழிவுபடுத்தாமல் உடன் நிற்க வேண்டும் என்பதே அவர்களிடம் எதிர்பார்க்கத்தக்கது, அது போதுமானதும்கூட.

விடுதி, விளையாட்டுக் குழு, மகளிர் மன்றம், பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் பள்ளி அணி என ஒவ்வோரிடத்திலும் இத்தகைய விதியை யாரேனும் ஒரு குழு விரைவில் எழுத நேரும். அக்குழு ஒவ்வொரு விதியின் அருகிலும் அதன் நோக்கத்தை ஒரு வரியில் எழுதட்டும். அதனால் யார் எதை இழக்கிறார் என்பதை அடுத்த வரியில் எழுதட்டும். யாரிடமும் நம்பிக்கை அறிக்கையில் கையொப்பம் கேட்க வேண்டா. விதி தவறென்று கருதும் ஓர் ஆசிரியை, அவ்விதிப்படியே நடந்துகொண்டு, அது தவறென்று உரக்கச் சொல்லிக்கொண்டும் அங்கேயே பணியாற்ற முடிய வேண்டும். 2017இன் விதியின் கீழும் 2025இன் விதியின் கீழும் அத்தகைய ஒருவருக்கு இடமிருந்தால்தான், அடுத்த முறை விதி மாறும்போது அணி உடையாமல் இருக்கும்.