குளியலறையில் ஃபெங் சுயி: கொடைக்கானலில் எடுபடுமா?

ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் தண்ணீர். இரண்டுக்குமே கொடைக்கானலில் பஞ்சம் கிடையாது! ஆனாலும் அங்கே போய் வீடு கட்டுகிறவர்கள், குளியலறை எந்த மூலையில் வரவேண்டும் என்று கேட்கச் சமவெளியில் இருக்கும் ஆலோசகருக்குப் போன் போடுவது உண்டு. அவரும் மலையைப் பார்க்காமலே வரைபடத்தை வைத்துப் பதில் சொல்லிவிடுவார்.

முன்பெல்லாம் மனையடி சாஸ்திரம் மட்டும்தான் இருந்தது. சிரிக்கும் புத்தரும் மூன்று கால் தவளையும் கடைகளுக்கு வந்தபோது கூடவே ஃபெங் சுயியும் வந்தது. இப்போது பல வீடுகளில் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒத்துப்போவதில்லை. கழிப்பறைக்கு வாயு மூலை, அதாவது வடமேற்கு, உகந்தது என்கிறது வாஸ்து. ஃபெங் சுயியிலோ வடமேற்கு குடும்பத் தலைவருக்கு உரிய திசை, அங்கே கழிப்பறை கூடவே கூடாது. இரண்டையும் நம்புகிறவர் கழிப்பறையை எங்கேதான் வைப்பார்? வாஸ்துவின் பஞ்சபூதத்தில் காற்று உண்டு, ஆகாயம் உண்டு. பெயரிலேயே காற்றை வைத்திருக்கும் ஃபெங் சுயியின் ஐந்து மூலகங்கள் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். காற்று பட்டியலிலேயே இல்லை!

பின்னால் மலை, முன்னால் நீர், வீடு தெற்குப் பார்த்து இருக்க வேண்டும் என்பது சீனாவின் பழைய விதி. வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றை மலை தடுக்கும், குளிர்காலத்தில் வெயில் வீட்டுக்குள் வரும். அந்த ஊருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் இழுத்தால் தண்ணீர் கொட்டும் கழிப்பறை அந்த விதிகள் பிறந்த காலத்துச் சீன வீட்டுக்குள் கிடையாது. மூடியைத் திறந்து வைத்தால் பணம் தண்ணீரோடு போய்விடும், கதவில் கண்ணாடி மாட்டு என்பதெல்லாம் மிகப் பிந்தி, 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த புத்தகங்கள் பரப்பியவை.

அப்படியானால் இதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மூடியைப் போடு, குளியலறையை ஈரமில்லாமல் வை, ஒழுகும் குழாயை உடனே சரிசெய், வெளிச்சம் வரட்டும் என்று அது சொல்வதை யாரும் மறுக்க முடியாது. 2022-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூடியில்லாத கழிப்பறைக் கோப்பையை லேசர் ஒளியில் ஆராய்ந்தார்கள். இழுத்துவிட்ட எட்டு நொடிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளிகள் ஒன்றரை மீட்டர் உயரம் வரை எழும்பின. மூடினால் மட்டும் போதாது, கிருமிநாசினி போட்டுத் தேய்க்கவும் வேண்டும் என்றது 2024-ல் வந்த இன்னொரு ஆய்வு. பணம் போகிறதோ இல்லையோ, பல் துலக்கும் பிரஷ்ஷைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது.

கொடைக்கானலுக்கு வருவோம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம், பாதி நாள் மேகமூட்டம். குளியலறைச் சுவரில் ஓதம் ஏறும், துண்டு காயாது, கூரை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குப் பார்த்த குளியலறை நாள் முழுக்க நசநசவென்றே கிடக்கும். நீருக்கு உரிய திசை வடக்கு என்று ஃபெங் சுயி சொல்கிறது. கொடைக்கானலில் அதை நம்பிக் குளியலறையை வடக்கே தள்ளினால் வளரப்போவது செல்வமல்ல, பூஞ்சைதான். கிழக்கிலோ தெற்கிலோ ஒரு ஜன்னல் வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு, உள்ளேயே கேஸ் கீசரைப் போட்டுக் குளிக்கிறார்கள். காற்றோட்டம் குறைந்தால் கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. மயக்கம் வந்த பிறகு கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. இந்தியாவில் இப்படிக் குளியலறையிலேயே பலர் இறந்திருக்கிறார்கள். குளியலறைக் கதவு எப்போதும் மூடியே இருக்கட்டும் என்ற ஃபெங் சுயி அறிவுரையை இந்த வீடுகளில் சொல்லும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? கீசரை வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். எந்த மூலை என்று அலசும் நேரத்தில் கால்வாசி போதும் இதற்கு.

அடுத்தது வாட்டம். சமவெளியில் கழிப்பறையை ஒரு மூலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் செலவோடு போகும். மலைச்சரிவில் அப்படியில்லை. குழாய் மேட்டைப் பார்த்துத் திரும்பினால் அடைத்துக்கொள்ளும். வாஸ்துவுக்காகவோ ஃபெங் சுயிக்காகவோ சரிவை வெட்டினால் மண் இளகும். ஒரு வீட்டின் உறிஞ்சு குழி கீழ்வீட்டின் தலைக்கு மேலே இருக்கிறது. மேலே இருப்பவருக்குப் பணம் வடிந்துவிடுமோ என்ற கவலை. கீழே இருப்பவர் வீட்டுச் சுவரில் கசிவதோ பணமில்லை!

1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியில் ஓடைகளை மறித்துக் கட்டியதுதான் கொடைக்கானல் ஏரி. சரிவில் கசிவது கடைசியில் அந்தப் பள்ளத்தைத்தான் தேடிப் போகும். ஏரி நிரம்பி வழிந்தால் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது, பயணிகள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் போகும் வழியில்தான் செல்வமும் போகிறது என்றால், அந்த ஊரின் செல்வம் போகும் வழி இதுதான். உறிஞ்சு குழி நிரம்பினால் எந்தப் பக்கம் வழியும் என்று தெரிந்துகொள்ள ஆலோசகர் வேண்டாம். அக்டோபர், நவம்பர் மழையில் மேஸ்திரியோடு மனையின் கீழ்ப்பக்கம் போய் நின்று பார்த்தால் தெரியும்.