வரப்புப் புல்லும் கணக்கில் வரட்டும்

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும், பத்து மணி வெயிலில் புல்லுக்கட்டைத் தலையில் சுமந்துவரும் பெண்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் காலனிப் பெண்கள். வீட்டில் ஒரு கறவை மாடு, நாலைந்து வெள்ளாடுகள் இருக்கும். தீவனம் போட ஒரு சென்ட் நிலம் இருக்காது. பட்டா இல்லாததால் 'சிறு விவசாயி' பட்டியலிலும் இவர்கள் பெயர் ஏறாது. அரசுக் காகிதத்தில் இவர்கள் எப்போதும் 'பயனாளி'தான்.

பசும்பாலுக்கு ஆவின் லிட்டருக்கு 35 ரூபாய் கொடுத்துவந்தது. 2023 டிசம்பரில் அதோடு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அதில் புண்ணாக்கு, தவிடு, ஊசி மருந்து போக மிச்சம் எவ்வளவு என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். புல்லை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை, அது சும்மா கிடைப்பதாக நினைப்பு. சும்மா கிடைப்பதில்லை. வரப்பில் அரிவாள் வைக்க நிலக்காரர் தலையசைக்க வேண்டும். அதற்காக நடவுக்கும் களைக்கும் அவர் வயலுக்கே முதலில் போக வேண்டும், கூலியில் வாய் திறக்கக் கூடாது. ஊருக்கும் காலனிக்கும் ஏதாவது தகராறு என்றால் முதலில் மூடப்படுவது வரப்புதான். அன்று மாலையே மடி வற்றும்.

பழந்தமிழில் 'மாடு' என்றால் செல்வம். வள்ளுவரும் அந்தப் பொருளில் ஆண்டிருக்கிறார். நம் பெண்களுக்கோ செல்வம் கொட்டிலில் நிற்கிறது, அதன் தீனி அடுத்தவர் வயலில் நிற்கிறது.

வெள்ளாட்டுப் பால் சொசைட்டிக்குப் போவதில்லை. ஆவின் வாங்குவது பசும்பாலும் எருமைப்பாலும்தான். குட்டி குடித்த மிச்சம் கைக்குழந்தைக்கும் வீட்டுக் கிழவிக்கும் ஆகும். ஆட்டுக்காசு என்பது பள்ளி திறக்கும்போதும் ஆஸ்பத்திரி செலவு வரும்போதும் குட்டியை விற்றுக் கையில் வாங்குவது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குக் கறவை மாடும், தலைக்கு நான்கு ஆடுகளும் இலவசமாகக் கிடைத்தன. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆடு வந்தது, மாடு வந்தது, மேய்க்க இடம்தான் வரவில்லை.

பக்கத்து வளையமாதேவியில் 2023 ஜூலை 26 அன்று, பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக நெல் நின்ற வயலில் என்.எல்.சி. இயந்திரங்களை இறக்கியதை நாடே பார்த்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பயிரிட்டவருக்கு அது நியாயம், போதாது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதே வயலின் வரப்பில் புல்லறுத்து மாடு வளர்த்தவளுக்கு என்ன கிடைக்கும்? பட்டாவில் இல்லாத புல், இழப்பீட்டிலும் இல்லை.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, பஞ்சமர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் பெரும்பகுதி கைமாறிப்போனது. அது கையில் இருந்திருந்தால் ஒரு மூலையில் தீவனச் சோளம் விதைத்திருப்பார்கள்.

இப்போது தாட்கோவின் 'நன்னிலம்' திட்டம் இருக்கிறது. நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். மறுபாதிக்கு எங்கே போவது? காலனிக்காரிக்கு நிலம் விற்க ஆள் வேண்டாமா? மாடு வளர்ப்போருக்கும் 2018-19 முதல் கிசான் கடன் அட்டை உண்டு, அதற்கு நிலம் கட்டாயமில்லை. ஆனால் போன வருஷம் ஒரு பெண்ணோடு வங்கிக்குப் போனேன். மேசையில் இருந்தவர் முதலில் கேட்டது சிட்டா, அடங்கல். "நிலம் இருந்தா நான் ஏன் சார் மாட்டுக்காகப் புல்லுக்கு அலையறேன்?" என்று அந்தப் பெண் கேட்டார். பதில் இல்லை.

தனித்தனியாக வாங்க முடியாத நிலத்தைச் சங்கமாகச் சேர்ந்து குத்தகைக்கு எடுக்கலாம். தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் தலித் பெண்கள் சங்கங்களாகச் சேர்ந்து தரிசைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தது நம் கண்முன் நடந்த கதை. நம் கிராமங்களில் மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தீவனம் வளர்க்க மகளிர் குழுக்களுக்குப் பெண்கள் பெயரிலேயே நீண்ட காலக் குத்தகையாகத் தர வேண்டும். பால் சங்க உறுப்பினர் அட்டையும் கணவர் பெயரில் வேண்டாம், கறப்பவர் பெயரில் இருக்கட்டும்.

அடுத்த கிராம சபையில் நம் பெண்கள் ஒன்றே ஒன்று கேட்கட்டும். கிராம நிர்வாக அலுவலர் 'அ' பதிவேட்டைக் கொண்டுவரட்டும். மேய்க்கால் எத்தனை ஏக்கர், இன்றைக்கு அது யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதைச் சபையில் உரக்க வாசிக்கட்டும்.