வயதான வீரரை விலைக்கு வாங்கலாமா?

புதுச்சேரி நகரின் வடக்கே இருக்கிறது கருவடிக்குப்பம். சித்தானந்த சுவாமி கோவில் இருக்கும் இடம். பாரதியார் உலவிய குயில் தோப்பும் இங்கேதான் இருக்கிறது.

இங்கே ஒரு டீக்கடை. 2025-ம் ஆண்டு நவம்பர் மாதம். கடைப் பெஞ்சில் ஒரு மாமாவும் மருமகனும் உட்கார்ந்து இருந்தார்கள். மாமா கையில் பத்திரிகை. முகத்தில் வாட்டம்.

"ஜடேஜாவைக் கொடுத்துவிட்டார்களே!" என்றார், மாமா.

"அவருக்கு 37 வயது ஆகப் போகிறது மாமா. இன்னும் எத்தனை நாள் வைத்துக் கொள்வது?" என்றான், மருமகன்.

"எனக்கு 52 வயது. என்னையும் யாருக்காவது கொடுத்துவிடுவாயா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

அவருடைய வருத்தத்துக்குக் காரணம் உண்டு. 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் கடைசி 2 பந்துகளில் ஒரு சிக்சரும், ஒரு பவுண்டரியும் அடித்து, சென்னைக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் ஜடேஜா. அவரையும், சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கிக் கொண்டது, சென்னை. சாம்சனுக்கு வயது 31. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி ரூபாயில் இருந்து 14 கோடி ரூபாயாகக் குறைந்தது.

மாமாவின் வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். ராஜஸ்தான் அணியின் பக்கம் நின்று பார்த்தால் கேள்வி வேறு. 37 வயதை நெருங்கும் ஒரு நட்சத்திர வீரரை, மாற்றுக்கு ஆள் கொடுத்து வாங்கலாமா? வாங்கினால் பலன் உண்டா?

இந்தக் கேள்விக்குப் பதில், சென்னை அணியின் பழைய கணக்கிலேயே இருக்கிறது.

உத்தப்பாவின் கதை

2020-ம் ஆண்டு. சென்னை அணிக்குப் போதாத காலம். ஆடிய எல்லா ஆண்டுகளிலும் அடுத்த சுற்றுக்குப் போன அணி, முதல் தடவையாகப் போகவில்லை. 7-வது இடம்தான் கிடைத்தது.

"அணியில் கிழவர்கள் கூட்டம் அதிகம். அதுதான் தோல்வி!" என்று எல்லாரும் ஏசினார்கள்.

இந்த நேரத்தில் சென்னை அணி என்ன செய்தது தெரியுமா? இன்னொரு வயதானவரை வாங்கியது!

2021 ஜனவரியில், ராஜஸ்தான் அணியிடம் இருந்து ராபின் உத்தப்பா வந்தார். அவருக்கு வயது 35. ராஜஸ்தான் அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்து இருந்தது.

வந்தவர் பல வாரம் சும்மா உட்கார்ந்து இருந்தார். ஆட இடம் கிடைக்கவில்லை. "இவரை ஏன் வாங்கினார்கள்?" என்று பலர் கேட்டார்கள். கடைசிக் கட்டத்தில் சுரேஷ் ரெய்னா ஆட முடியாமல் போகவே, உத்தப்பாவுக்கு அழைப்பு வந்தது.

அந்த ஆண்டு அவர் ஆடியது மொத்தம் 4 ஆட்டம்தான். அதில் 2 ஆட்டங்கள் மிகப் பெரியவை. டெல்லி அணியுடன் நடந்த தகுதிச் சுற்றில் 44 பந்தில் 63 ரன் எடுத்தார். துபாயில் கொல்கத்தாவுடன் நடந்த இறுதிப் போட்டியில் 15 பந்தில் 31 ரன்! அதில் 3 சிக்சர். கோப்பை சென்னைக்கு வந்தது.

நான்கே ஆட்டம். ஆனால் கொடுத்த காசு வீண் போகவில்லை.

அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? 2022-ல் அதே உத்தப்பாவைச் சென்னை 2 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. பெங்களூர் அணிக்கு எதிராக 50 பந்தில் 88 ரன் அடித்து, கூட்டத்தை எழுந்து நிற்க வைத்தார். ஆனால், 12 ஆட்டத்தில் அவர் எடுத்த மொத்த ரன் 230. அணிக்கு 9-வது இடம். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் ஓய்வு பெற்றார்.

அதே ஆள். அதே அணி. ஒரு வருடம்தான் இடைவெளி. முதல் ஆண்டு லாபம். மறு ஆண்டு நஷ்டம்.

சந்தையில் மாடு பிடிப்பவர்கள் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். வயது தெரிந்துவிடும். ஆனால் மாடு இன்னும் எத்தனை நாள் உழும் என்று எந்தப் பல்லும் சொல்லாது.

லாபக் கணக்கு

சென்னை அணி வயதானவர்களை வாங்கி லாபம் பார்த்தது ஒரு தடவை அல்ல, பல தடவை.

ஷேன் வாட்சன், ஆஸ்திரேலியா நாட்டுக்காரர். 2018-ல் 4 கோடி ரூபாய்க்கு வந்தார். அவருக்கு அப்போது வயது 36. அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் ஐதராபாத்துக்கு எதிராக இறங்கினார். முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட இல்லை! "போச்சு!" என்று தலையில் கை வைத்தார்கள், ரசிகர்கள். வாட்சன் பதறவில்லை. முடிவில் 57 பந்தில் 117 ரன். ஆட்டம் இழக்கவே இல்லை. கோப்பை சென்னைக்கு!

இம்ரான் தாகிர், தென் ஆப்பிரிக்கச் சுழற்பந்து வீரர். விலை 1 கோடி ரூபாய். 2019-ல் அவருக்கு வயது 40. அந்த ஆண்டு 26 விக்கெட் வீழ்த்தினார். ஐ.பி.எல். முழுவதிலும் அவர்தான் முதல் இடம். அவரைவிட 15 வயது குறைந்த பந்து வீச்சாளர்கள் எல்லாம் பின்னால் நின்றார்கள்.

அஜிங்கிய ரகானே, 2023-ம் ஆண்டுக்காக வாங்கப்பட்டார். வயது 34. விலை வெறும் 50 லட்சம் ரூபாய். "இவர் மெதுவாக ஆடுகிறவர் ஆயிற்றே!" என்று பலர் முகம் சுளித்தார்கள். ரகானே 326 ரன் குவித்தார். அதுவும் அடித்து ஆடி! அந்த ஆண்டும் கோப்பை சென்னைக்கே.

நஷ்டக் கணக்கு

இனி மறுபக்கம்.

ரவிச்சந்திரன் அஸ்வின், சென்னையின் செல்லப் பிள்ளை. டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட் எடுத்த பெரிய வீரர். 2015-க்குப் பிறகு வேறு அணிகளில் ஆடிய அவரை, 2025-ம் ஆண்டுக்காகச் சென்னை மீண்டும் வாங்கியது. அவருக்கு வயது 38. கொடுத்த விலை 9 கோடியே 75 லட்சம் ரூபாய்.

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அவர் ஆடியது 9 ஆட்டம். எடுத்தது 7 விக்கெட். அணி 14 ஆட்டத்தில் 4-ல் மட்டுமே வென்றது. வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடத்துக்குப் போனது. ஆகஸ்டு மாதம் அஸ்வின் ஐ.பி.எல். ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றார்.

அஸ்வின் ஒருவரால்தான் அணி தோற்றது என்று சொன்னால், அது பாவம். தோல்விக்குப் பங்காளிகள் பலர். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓர் அணி 2025-ம் ஆண்டுக்குச் செலவு செய்யலாம் என்று வைத்த தொகை 120 கோடி ரூபாய். அதில் 12-ல் ஒரு பங்கு அளவுக்கு, ஓய்வை நெருங்கிய ஒருவருக்குப் போனது. அந்தப் பணத்தில் இளைஞர்கள் பலரைச் சேர்த்து இருக்கலாம்.

கால்பந்திலும் அதே கதை

புதுச்சேரிக்காரர்களுக்குக் கால்பந்து புதிது அல்ல. ஆகவே அந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

2014-ல் இந்தியாவில் ஐ.எஸ்.எல். கால்பந்து தொடங்கியது. உலகப் புகழ் பெற்ற வீரர்களை எல்லா அணிகளும் தேடிப் போயின. டெல்லி அணி, இத்தாலியின் டெல் பியரோவை ஒப்பந்தம் செய்தது. 2006-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். டெல்லிக்காக ஆடியபோதே அவருக்கு 40 வயது நிறைந்தது. அவர் போட்ட கோல் ஒன்றே ஒன்று. டெல்லி அரை இறுதிக்குப் போகவில்லை.

அதே ஆண்டு சென்னை அணிக்குப் பிரேசில் வீரர் எலானோ வந்தார். வயது 33. 8 கோல் போட்டார். போட்டியிலேயே அதிக கோல் அவருடையதுதான். சென்னை, புள்ளிப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது.

ஒருவர் பெயருக்காக வந்தார். மற்றவர் கோலுக்காக வந்தார். அந்த வேறுபாடு மைதானத்தில் தெரிந்தது.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவில் வேறு வகைப் பந்தாட்டம் உண்டு. பந்தைக் கையில் பிடித்துக் கொண்டு ஓடுவார்கள். தூரத்தில் இருந்து எறியும் பந்தை ஓடிப் போய்ப் பிடிப்பதற்கு என்றே சில வீரர்கள் இருப்பார்கள். ஓட்டம்தான் அவர்களுடைய சோறு. ஆகவே வயது முதலில் அவர்களைத்தான் கடிக்கும்.

ராண்டி மாஸ் என்பவர் அப்படிப்பட்ட வீரர். 2007-ல் அவருக்கு வயது 30. "இவர் கதை முடிந்தது" என்றார்கள். நியூ இங்கிலாந்து அணி அவரை மலிவாக வாங்கியது. இளைஞர்களைத் தேர்வு செய்யும் வரிசையில், 4-வது சுற்று உரிமை ஒன்றை மட்டும் விட்டுக் கொடுத்தது. மாஸ் அந்த ஆண்டு 23 தடவை பந்தைப் பிடித்து எல்லை சேர்த்துப் புதிய சாதனை செய்தார். முதல் கட்டத்தில் 16 ஆட்டம், பதினாறும் வெற்றி!

3 ஆண்டு கழிந்தது. 2010-ல் மினசோட்டா அணி அதே மாசை, இன்னும் அதிக விலையாக 3-வது சுற்று உரிமையைக் கொடுத்து வாங்கியது. 4 ஆட்டம் ஆடினார். ஒரு மாதத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்!

2021-ல் டென்னசி அணி, ஜூலியோ ஜோன்ஸ் என்ற 32 வயது நட்சத்திரத்துக்காக 2-வது சுற்று உரிமையையே கொடுத்தது. அவருக்கு அடிக்கடி காயம். 10 ஆட்டத்தில் ஒரே ஒரு தடவைதான் எல்லை சேர்த்தார். ஒரு வருடத்தில் விடை கொடுத்தார்கள்.

கருவடிக்குப்பம் ஆனாலும் அமெரிக்கா ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

எது போகும்? எது இருக்கும்?

வயது ஆனால் முதலில் போவது கால். அடுத்த ரன்னுக்குத் திரும்பி ஓடும் வேகம் குறையும். பட்ட காயம் ஆற நாள் ஆகும். இன்று ஆடினால் நாளை உடம்பு வலிக்கும்.

போகாதது நிதானம். எந்தப் பந்தை விட வேண்டும், எதை அடிக்க வேண்டும் என்ற அறிவு போகாது. 10 பந்தில் ரன் இல்லாதபோதும் பதறாமல் நின்றாரே வாட்சன், அது வயது கொடுத்த வரம்.

மீன் பிடிப் படகைப் பாருங்கள். வலையை இழுப்பவர்கள் வாலிபர்கள். எங்கே வலை போடுவது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்பவர் பெரியவர். பெரியவரை வலை இழுக்கச் சொன்னால் குற்றம் யாருடையது? சொன்னவருடையது!

வாங்கலாம், ஆனால்...

ஆகவே, வயதான நட்சத்திரத்தை வாங்கலாம். ஆனால் நான்கு கட்டுப்பாடு வேண்டும்.

முதலாவது, விலை குறைவாக இருக்க வேண்டும். பழைய புகழுக்குப் புதிய பணம் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, வேலை இன்னது என்று வரையறுக்க வேண்டும். உத்தப்பா நாலு ஆட்டத்துக்கு வந்தார், ஜெயித்தார். பன்னிரண்டு ஆட்டம் கேட்டபோது முடியவில்லை.

மூன்றாவது, ஒரு வருடக் கணக்காக இருக்க வேண்டும். போன ஆண்டு வெற்றியை நம்பி, அடுத்த ஆண்டுக்கும் அப்படியே சீட்டு எழுதக் கூடாது.

நான்காவது, இதுதான் முக்கியம். அவருக்காக ஓர் இளைஞனின் இடம் பறி போகக் கூடாது.

2025-ல் என்ன நடந்தது? சென்னை தோற்றுக் கொண்டே இருந்தது. ருதுராஜ் காயத்தால் விலகியபோது, அவருக்குப் பதிலாக ஆயுஷ் மாத்ரே வந்தான். வயது 17. மே 3-ந் தேதி பெங்களூரில், 48 பந்தில் 94 ரன் விளாசினான்! இந்தப் பையன் முதல் நாளில் இருந்தே ஆடி இருந்தால்? அந்தக் கேள்வி ரசிகர்கள் மனதில் முள்ளாகத் தைத்தது.

அன்று மாத்ரேயுடன் மறுமுனையில் நின்று, ஆட்டம் இழக்காமல் 77 ரன் எடுத்தவர் யார் தெரியுமா? 36 வயது ஜடேஜா! சென்னை 2 ரன்னில் தோற்றது. ஆனாலும் அந்த ஆண்டு சென்னை ரசிகர்கள் கண் குளிரப் பார்த்த ஆட்டம் அது. ஒரு முனையில் இளமை, மறுமுனையில் அனுபவம். ஓர் அணிக்கு வேண்டியது அதுதான்.

வீட்டிலும் அதே நியாயம்தான். தாத்தா திண்ணையில் இருக்க வேண்டும்; பேரன் ஏரைப் பிடிக்க வேண்டும். தாத்தாவைத் துரத்திய வீடும் உருப்படாது. பேரனை உட்கார வைத்துவிட்டுத் தாத்தாவை ஏரில் பூட்டிய வீடும் உருப்படாது.

மீண்டும் டீக்கடை

டீக்கடையில் பேச்சு ஓயவில்லை.

"சரி மாமா, நீங்கள் ராஜஸ்தான் முதலாளியாக இருந்தால் ஜடேஜாவை வாங்குவீர்களா?" என்று கேட்டான், மருமகன்.

மாமா டீயை ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் யோசித்தார்.

"வாங்குவேன். ஆனால் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுவேன். 'ஐயா, நீங்கள் ஆடினால் மட்டும் போதாது. உங்கள் இடத்தில் நாளைக்கு நிற்க ஒரு பையனைத் தயார் செய்து கொடுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் இந்தச் சம்பளம்' என்பேன்."

மருமகன் வாயடைத்துப் போனான். டீக் காசை அவனே கொடுத்தான்.