நான்கு கொப்பிகளும் ஒரு கரும்பலகையும்

சென்ற ஞாயிறு முற்பகல், கொட்டாஞ்சேனையிலிருந்து என் மருமகன் வெள்ளவத்தைக்கு வந்திருந்தான். உயர்தர வகுப்பு மாணவன். வழக்கமான உற்சாகம் முகத்தில் இல்லை. விசாரித்தபோது விஷயம் வெளியாயிற்று. அவனும் நண்பர் மூவரும் பாடங்களைத் தமக்குள் நான்காகப் பங்கிட்டுக் குறிப்பெழுதினராம். ஒருவன் கணக்கொன்றிற் பிழைவிட, அப்பிழை நான்கு கொப்பிகளிலும் ஏறித் தவணைப் பரீட்சையில் நால்வருக்கும் ஒருங்கே புள்ளி குறைந்துவிட்டது.

"இனிமேல் தனியாகத்தான் படிக்கப் போகிறேன், மாமா" என்றான்.

"அவசரப்படாதே, தம்பி. நீங்கள் செய்யத் தொடங்கியதைத்தான் கணினி விஞ்ஞானிகளும் செய்கின்றனர். செய்த முறையிலேதான் குறை" என்றேன். அவனுக்குக் கூறியதை வாசக நேயர்களுக்கும் கூறுதல் தகும்.

பல்முகவர் அமைப்பு என்பது அத்துறையின் பெயர். முகவர் என்றதும் காணி விற்றுத் தருவோரை நினைத்தல் வேண்டா. தன் சூழலை அறிந்து, தனக்கிட்ட பணியைத் தானே தீர்மானித்துச் செய்யும் கணினி நிரலே இங்கு முகவர் எனப்படும். அத்தகைய பலவற்றை ஒன்றோடொன்று செய்தி பரிமாறச் செய்து, தனியொன்றால் இயலாத காரியத்தை முடிப்பதே நோக்கம். அறிவு ஓரிடத்திற் குவியாது பலவிடத்தும் பரந்து நிற்பதால், பகிர்ந்த செயற்கை நுண்ணறிவு என்றும் இதனை வழங்குவர்.

"ஒரே பெரிய மூளையைச் செய்துவிட்டால் போதாதோ?" என்று கேட்டான் மருமகன்.

இக்கேள்விக்கு விடை தந்தவர்களுள் ஒருவர் ராஜ் ரெட்டி. 1937இல் ஆந்திரத்துக் கிராமமொன்றிற் பிறந்து, 1958இல் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். பின்னர், 1994ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்ற இருவருள் ஒருவர். 1970களில், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், அவரும் அவர்தம் தோழர்களும் மனிதர் பேச்சைக் கேட்டு விளங்கும் ஹியர்சே என்னும் அமைப்பைச் செய்தனர். அதன் இரண்டாம் வடிவம் ஏறக்குறைய 1,000 ஆங்கிலச் சொற்களை அறிந்திருந்தது.

அதன் உள்ளே ஒரே மூளை இருக்கவில்லை. ஒலியை அறிந்த பகுதி ஒன்று. சொற்களை அறிந்த பகுதி ஒன்று. வாக்கிய அமைப்பை அறிந்தது பிறிதொன்று. அனைத்தும் தத்தம் ஊகங்களை, எவ்வளவு நம்பலாம் என்ற குறிப்போடு, பொதுவான கரும்பலகை ஒன்றில் எழுதும். மற்றவை அதனைப் பார்த்துத் தம் அறிவுக்குப் பொருந்தினால் வலுவூட்டும். பொருந்தாவிடின் வேறு ஊகத்தை முன்வைக்கும்.

இதனை நம் மொழியில் வைத்துப் பார்ப்போம். காலி வீதியின் இரைச்சலில் ஒருவர், "கொட்டாஞ்சேனைக்கு வழி எது?" என்று வினவுகிறார். காதில் விழுந்தது வழியா, வலியா, வளியா? செவி மட்டும் தீர்ப்புக் கூறமாட்டாது. ஊர்ப் பெயரையும் வினாவையும் சேர்த்து நோக்கும் பொருளறிவு, "வழிதான்" என்று முடிவு செய்கிறது. செவி விட்ட பிழையை மற்றோர் அறிவு திருத்திற்று.

இம்முயற்சி நம் நாட்டிலும் நடந்துள்ளது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால், கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் உண்டு. அதன் பேராசிரியர் அசோக கருணானந்தவும், ஆய்வாளர் புத்தித்த ஹெட்டிகேயும் பிறரும், ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு மொழிபெயர்க்கும் பல்முகவர் அமைப்பொன்றை உருவாக்கி, 2016ஆம் ஆண்டளவில் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டனர். சொல்லின் வடிவம், வாக்கிய அமைப்பு, பொருள் என்பவற்றை வெவ்வேறு முகவர்கள் ஆராய்ந்து, தம்முட் பேசி முடிவுக்கு வருகின்றன. மும்மொழி வழங்கும் கொழும்பு மாநகரில், இத்தகைய பணியின் அருமையை விளக்கவும் வேண்டுமோ?

எனினும், பலர் கூடினால் அறிவு பெருகியே தீரும் என்பதற்கில்லை. 2010 மே 6ஆந் திகதி அமெரிக்கப் பங்குச் சந்தையில், ஒரு பெரும் விற்பனை நிரல் தொடங்கிவைக்க, தாமே விற்று வாங்கும் வேறு பல நிரல்களும் ஒன்றன் போக்கைக் கண்டு ஒன்று விரைந்தன. சில நிமிடங்களிற் சந்தை சரிந்தது. டௌ ஜோன்ஸ் சுட்டெண்ணின் அன்றைய வீழ்ச்சி ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 1,000 புள்ளிகளை எட்டிப் பின்னரே மீண்டது. ஒவ்வொன்றும் தனக்கிட்ட விதிப்படியே நடந்தது. கூட்டம் மட்டும் தடுமாறிற்று.

"உங்கள் நால்வருக்கும் நேர்ந்தது இதுவே. பங்கிட்டது பிழையன்று. பிறன் எழுதியதைப் பாராமலே கொப்பியில் ஏற்றியதுதான் பிழை. கரும்பலகையில் எவரும் எழுதலாம், ஆனால் ஒவ்வொருவரும் தம் அறிவால் உரைத்துப் பார்த்த பின்னரே அது நிலைக்க வேண்டும்" என்றேன்.

சற்று நேரம் சிந்தித்தவன், பிழைபோன அக்கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு எழுந்தான். "இதை நால்வரும் தனித்தனியே செய்து பார்த்துவிட்டுப் பிறகு ஒப்பிடப் போகிறோம், மாமா" என்றான்.

பேசும் யந்திரங்கள் தம்முட் கூடி வேலை செய்யும் காலம் இது. அவை ஒருமித்து உரைத்தாலும், ஒருமுறை நாமே சரிபார்த்தல் நம் பிள்ளைகள் பழக வேண்டிய நற்பழக்கமாகும். பலர் ஆமோதித்தனர் என்பதாலே பிழை சரியாகிவிடாதன்றோ?